ரிப்பன் அவிழ்க்காத கருவாட்டுப் பொதி

ஒரு மனிதர் எதற்காக ஒரு பொதி கருவாட்டை ஆட்டுக்குட்டியின் விலைக்கு ஏலத்தில் எடுப்பார்?

எனக்கு இன்றுவரை பதில் தெரியாது. கருவாடு நான் போட்டது. ஏலம் நடந்தது எங்கள் வேதக்கோயில் திருநாளில். எடுத்தவரை அன்றைக்கு முன் நான் கண்டதே இல்லை. இப்போது அவர் என் காணியைப் பதினைந்து வருடக் குத்தகைக்குக் கேட்கிறார். காணி என் பெயரில் இருப்பதால் கையெழுத்து வைக்க வேண்டியவள் நான். வைக்கச் சொல்லி எல்லாரும் சொல்கிறார்கள், என் கணவர் உட்பட. நான்தான் வைக்காமல் இருக்கிறேன்.

மன்னாரிலிருந்து தலைமன்னாருக்குப் போகும் வழியில், தெற்குக் கரையோரம் எங்கள் வீடு. என் கணவர் கடலுக்குப் போகிறவர். எங்கள் கரையில் பலரும் கருவாட்டை மணலில் விரித்த பழைய வலையின் மேல்தான் காயப்போடுவார்கள். சோளகக் காற்று அடிக்கும் மாதங்களில் மணல் எழும்பி வந்து மீனில் ஒட்டும். கழுவித்தான் சமைப்போம், ஆனாலும் பல்லில் நெறுநெறுக்கும். பிறந்ததிலிருந்து அதைச் சாப்பிட்டவர்களுக்கு அது தெரிவதில்லை. எனக்கும் தெரியாமல்தான் இருந்தது, மகள் வயிற்றில் வரும்வரை. மூன்றாம் மாதத்தில் ஒரு துண்டு கட்டா மீன் கருவாட்டைக் கடித்துவிட்டுக் கிணற்றடிக்கு ஓடினேன். பிறகு மூன்று நாள் கணவரிடம் ஒரே கதைதான். இடுப்பளவு உயரத்தில் ஒரு பரண் அடித்துத் தாருங்கோ, மேலே ஈ விழாமல் சின்னக் கண் வலை போடுங்கோ, மீனை நான் நல்ல தண்ணியில் கழுவி உப்பில் போடுகிறேன்.

அடித்துத் தந்தார். அதைப் பார்க்க வந்த மச்சாள், அவருடைய அக்கா, இடுப்பில் கை வைத்துக்கொண்டு சொன்னா: "இந்தியாக்காரிக்குப் பல்லில மண் படக்கூடாது. மீனுக்குக் கட்டில் அடிச்சுக் குடுத்திருக்கிறான் என்ர தம்பி. மெத்தை எப்ப வருது?"

நான் தமிழ்நாட்டில் அகதி முகாமில் பிறந்தவள். பதினாறு வயதில்தான் இந்த மண்ணை முதலில் மிதித்தேன். ஊரில் எனக்கு அந்தப் பட்டப்பெயர் இன்னும் போகவில்லை.

பரணால் வந்த முதல் தொல்லை கழுதைகள். முதுகு சொறிய அவற்றுக்கு அந்தப் பரண் கால்கள் நல்ல வாய்ப்பாகப் போயின. இரண்டு முறை பரண் சரிந்தது. மூன்றாம் முறை கால்களுக்கு முட்கம்பி சுற்றினோம். அதற்குப் பிறகு வந்த கருவாடு, நானே சொல்லக்கூடாது, கண்ணாடிபோல் இருந்தது. நான் உயர்தரம் படித்தவள், விஞ்ஞானம். மீன்பிடிக் கந்தோரில் அதிகாரிகள் நடத்திய மூன்று நாள் கருவாட்டுப் பயிற்சிக்கும் வயிற்றோடு போய் இருந்தேன். வீட்டுக்கு வந்து ஒரு கொப்பியில் படம் கீறினேன். நிலத்துக்கும் சுவருக்கும் வெள்ளைத் தட்டோடு, அதாவது டைல்ஸ், பதித்த ஒரு கட்டடம். காற்று வர கடல் பக்கம் நீள ஜன்னல். தலையில் தொப்பி போட்ட பத்துப் பெண்கள். மூலையில் ஒரு சின்ன அறை, வேலைக்கு வரும் தாய்மார் தொட்டில் கட்ட. அதைக் கணவருக்கு மட்டும் காட்டினேன். வேறு யாருக்குக் காட்டினாலும் சிரிப்பார்கள் என்று நினைத்தேன்.

எங்கள் ஊரில் முதலாவது எதுவும் கோயிலுக்கு. புது வாழையின் முதல் குலை, புதுக் கோழி இட்ட முதல் முட்டைகள், புது வலையில் விழுந்த பெரிய மீன். திருநாள் பூசை முடிந்ததும் அவற்றைக் கோயில் முன்றிலில் ஏலம் விடுவார்கள். பொருள் வேண்டி அங்கே யாரும் ஏலம் கேட்பதில்லை. நேர்த்தி வைத்தவர்கள் கேட்பார்கள், கோபக்காரர்கள் ஒருவரையொருவர் வெல்லக் கேட்பார்கள். ஒரு தேங்காய் ஒரு சாக்குத் தேங்காயின் விலைக்குப் போகும். இது எங்கள் பிள்ளைகளுக்கும் தெரியும்.

மகள் பிறந்து வந்த முதல் திருநாளுக்கு, என் முதல் நல்ல பொதியைக் கொடுத்தேன். ஒரு கிலோ கட்டா. தெளிந்த பையில் போட்டு மகளின் சிவப்பு ரிப்பனால் கட்டினேன். கோயிலுக்குக் கருவாடு கொண்டுபோகலாமா, மணக்குமா என்று வழியெல்லாம் யோசித்தேன். பையை இரண்டு முறை மூக்கருகே பிடித்துப் பார்த்தேன்.

ஏலம் கூறியவர் எங்கள் கோயில் மூப்பர். பொதியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார்.

"கருவாடு! மண் கடிபடாத கருவாடு! கலியாணம் கட்டாத பொடியள் கேக்காதேங்கோ, காய்ச்சித் தர ஆளில்லை!"

சனம் சிரித்தது. எங்கள் ஊரில் மூன்று போட் வைத்திருக்கும் சம்மாட்டி ஒருவர் விளையாட்டாக ஒரு விலை சொன்னார். அப்போதுதான் மாமரத்தடியில் வெள்ளைச் சேட்டுப் போட்டு நின்ற அந்த மனிதர் கையை உயர்த்தினார். சம்மாட்டி கூட்டினார். அவர் இன்னும் கூட்டினார். சம்மாட்டிக்கு மானப் பிரச்சினை ஆகிவிட்டது. ஒரு கோழியின் விலை தாண்டியது. "அண்ணை, கருவாட்டுக்குள்ள மோதிரம் ஏதும் கிடக்கோ?" என்று யாரோ கத்தினார்கள். ஆட்டுக்குட்டி ஒன்றின் விலையில் சம்மாட்டி கையை உதறிவிட்டு நடந்தார். ஒருதரம், ரெண்டுதரம், மூண்டுதரம். வெள்ளைச் சேட்டுக்காரர் பொதியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். முகத்தில் சிரிப்பு இல்லை. அதை நான் கவனித்தேன்.

என் கணவர் அன்று முழுக்கத் தரையில் நடக்கவில்லை. நானும் உள்ளுக்குள் மிதந்தேன், ஒத்துக்கொள்கிறேன். தேங்காய்க் கதை தெரிந்த நாங்கள் இரண்டு பேரும், எங்கள் பொருள் என்று வந்ததும் அதை மறந்து போனோம். அந்த விலையில் பாதிக்குப் போனாலும் போதும் என்று நாங்களே ஒரு கணக்குப் போட்டு, அடுத்த வாரமே நாலு புதுப் பரண் அடித்தோம். கரையில் வந்த கட்டாவையெல்லாம் வாங்கினோம். பொதிகளோடு கணவர் மன்னார்க் கடைத்தெருவுக்குப் போய் விலை சொன்னபோது கடைக்காரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டாராம்.

"தம்பி, அது கோயில் விலை. கோயிலில தேங்காய் போற விலையை நான் கடையில தேங்காய்க்குப் போடேலுமோ?"

மணல் கருவாட்டை விடச் சற்றுக் கூடிய விலைக்குத்தான் அவர் எடுத்தார். மிச்சத்தை நாங்கள் ஒரு மாதம் சாப்பிட்டோம். மச்சாள் வீட்டிலும் சாப்பிட்டார்கள். "கட்டில்ல படுத்த மீன் ருசிதான்" என்று அவவே சொன்னா. அது எனக்கு ஏலத்தை விடப் பெரிய பாராட்டு.

கதையில் நான் முந்திவிட்டேன். அந்த மனிதர் வந்தது ஏலத்துக்கு மறுநாளே. வீட்டு வாசலில் வாகனம் நின்றது. வவுனியாப் பக்கம் கட்டடப் பொருள் கடை வைத்திருப்பதாகச் சொன்னார். கதிரையில் அமராமல் நேரே பின்பக்கம் போய்ப் பரணைப் பார்த்தார், பிறகு கடலைப் பார்த்தார். கடலை ஏன் அவ்வளவு நேரம் பார்த்தார்?

"தங்கச்சி, இதைப் பெரிசாச் செய்வம். கட்டடம் நான் போடுறன். மெசினும் நான். நீங்கள் நிண்டு நடத்துங்கோ, லாபத்தில பாதி உங்களுக்கு. காணியை மட்டும் குத்தகைக்கு எழுதித் தாங்கோ, இல்லாட்டி நான் என்னத்தை நம்பிக் கட்டுறது?"

நியாயமான பேச்சுத்தான். அதன் பிறகு அவர் சொன்னதுதான் என்னை நிமிர்ந்து பார்க்க வைத்தது.

"நிலம் முழுக்க வெள்ளைத் தட்டோடு போடுவம். தொட்டில் கட்ட ஒரு சின்ன அறையும் விடுவம். பிள்ளைக்காரர்தானே வேலைக்கு வருவினம்."

நான் கணவரைப் பார்த்தேன். அவர் பரணில் கிடந்த மீனைப் பிரட்டிக்கொண்டிருந்தார்.

வந்தவரை வழியனுப்பப் போனபோது வாகனத்தின் பின் கண்ணாடியோரம் என் பொதி இருந்தது. சிவப்பு ரிப்பன் கட்டியபடி. அவர் கோயிலுக்கு வந்த அடுத்தடுத்த வாரங்களிலும் அப்படியே இருந்தது. ஆட்டுக்குட்டி விலை கொடுத்த கருவாட்டை அவர் பிரித்தே பார்க்கவில்லை.

இந்தக் காணியைப் பற்றியும் சொல்ல வேண்டும். என் அப்பா கடல் தாண்டிப் போனபோது அதன் உறுதிப் பத்திரத்தைப் பொலித்தீனில் சுற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு போனவர். திரும்பி வரும்போதும் அப்படியே கொண்டுவந்தார். வந்து பார்த்தால் காணி உடைமரக் காடு. வெட்டித் துப்புரவாக்கி, எனக்குச் சீதனமாக எழுதினார். அதே அப்பாதான் முகாமில் எந்தக் கடதாசியை நீட்டினாலும் வாசிக்காமல் கையெழுத்து வைத்தவர். வாசிக்கக் கேட்டால் அதிகாரி கோபிப்பார் என்ற பயம். எந்தக் கடதாசி எதற்கென்று அவருக்குக் கடைசிவரை தெரியாது. பக்கத்தில் நின்று பார்த்த பிள்ளை நான். இப்போது எங்கள் கரைக்கு மாதம் ஒருவராவது நாடாவோடு வந்து அளக்கிறார்கள். ஒருவர் மின்சாரக் காற்றாடிக்கு என்கிறார், ஒருவர் ஹோட்டலுக்கு என்கிறார், ஒருவர் ஒன்றும் சொல்லாமல் மணலைப் பையில் எடுத்துப் போகிறார். கருவாட்டுக்கு என்று வந்தவர் இவர் ஒருவர்தான்.

கணவரிடம் சந்தேகத்தைச் சொன்னேன்.

"கனவு கண்டது நீ," என்றார். "இப்ப அது வாசலுக்கு வந்து நிக்கேக்க நீயே கதவைச் சாத்துறாய்."

"வந்தது ஆரெண்டு தெரியாமல் திறக்கிறதோ?"

"ஆரெண்டு தெரிஞ்ச ஆக்கள் எத்தினை பேர் உனக்குக் கட்டடம் போட்டுத் தந்தவை?"



அதற்குப் பதில் தேடி ஒரு செவ்வாய்க்கிழமை கோயிலில் நடக்கும் நவநாள் செபத்துக்குப் போனேன். அங்கே அந்த வவுனியாக்காரரின் மனைவி மெழுகுதிரி கொளுத்திக்கொண்டிருந்தா. மடியில் நாலு வயதுப் பெண்பிள்ளை. கால்கள் வாழைத்தண்டுபோல் தொங்கின. இன்னும் நடக்கவில்லை. நான் கேட்காமலே அவ சொன்னா.

"இந்தப் பிள்ளைக்காகத்தான் தங்கச்சி. ஏலத்தில முதல் வாற பொருள் என்னவெண்டாலும், என்ன விலை போனாலும் எடுக்கிறன், அந்தப் பொருளிலயே தொழில் தொடங்கிறன் எண்டு நேர்ந்தவர். ஒன்பது செவ்வாய் வாறம் எண்டும் நேர்த்தி. உங்கட கருவாடு வந்தது. நெல்லு வந்திருந்தா வயல் செய்திருப்பார்."

எனக்குக் கண் கலங்கியது. பிள்ளையின் காலைத் தடவிவிட்டு வீட்டுக்கு நடந்தேன். பாதி வழியில் நின்றேன். ஏலத்தில் முதலில் போனது தேங்காய் அல்லவா? அதை அவர் கேட்கவில்லையே?

அடுத்த நாள் மூப்பரிடம் போனேன்.

"தேங்காய் தொடக்கத்துக்கு, பிள்ளை. அது சாமியின்ர. அதை ஒரு பொருள் எண்டு எண்ணிறேல்ல."

"அப்ப என்ர பொதிதான் முதலாவதோ?"

"அதுக்கு முன்னம் ஒரு சேவல் போனது. இல்லாட்டிப் பிறகோ? எனக்கு அண்டைக்குத் தொண்டை கட்டினதுதான் ஞாபகம்."

சேவல் முன்னா பின்னா? நானும் அங்கேதான் நின்றேன். மகள் அழுதாள், பால் கொடுக்கக் கொஞ்சம் தள்ளிப் போனேன். அந்தச் சேவலின் சத்தம் என் காதில் இருக்கிறது. எப்போது கேட்டேன் என்பதுதான் இல்லை. கணவரிடம் கேட்டால், "சேவலை விசாரிக்கப் போறியோ?" என்கிறார்.

இன்னொரு செவ்வாய் அவர்களை மதியம் சாப்பிடக் கூப்பிட்டேன். உபசாரம் என்று சொன்னேன், உண்மையில் அது பரீட்சை. கத்தரிக்காய் போட்டுக் கட்டாக் கருவாட்டைக் குழம்பு வைத்தேன். மனைவி சாப்பிட்டா. பிள்ளைக்கும் முள் எடுத்து ஊட்டினா, அது இன்னும் கேட்டது. அவர் பருப்பும் முருங்கைக்காயும் எடுத்து, கருவாட்டுச் சட்டியை மெல்லத் தள்ளி வைத்தார்.

"என்ன அண்ணை, தொழில் செய்யப் போற ஆள் ருசி பாக்கேல்லையோ?"

"பிள்ளை நடக்குமட்டும் கடல் சாப்பாடு விட்டிட்டன் தங்கச்சி."

"அந்தப் பொதியையும் பிரிக்கேல்லையே."

"சாமியிட்ட வாங்கினதை எப்பிடி அவிழ்க்கிறது?"

எதைக் கேட்டாலும் அவரிடம் ஒரு பதில் இருந்தது. ஒரு பதிலும் என்னால் போய்ச் சரிபார்க்கக் கூடியதாக இல்லை.

பிறகு காணிப் பத்திரம் எழுதும் நொத்தாரிசிடமிருந்து குத்தகைக் கடதாசி வந்தது. கணவர் அதை என் கையில் தந்து, "படிச்சனியெல்லோ, வாசி," என்றார். மூன்று முறை வாசித்தேன். "கருவாடு பதனிடுதலும் அதனோடு சேர்ந்த ஏனைய தொழில்களும்" என்று ஒரு வரி. பிடித்துவிட்டேன் என்று நினைத்தேன். ஏனைய தொழில் என்றால் எதுவும் ஆகலாமே. அடுத்த செவ்வாய் அவர் வந்ததும் அந்த வரியில் விரலை வைத்தேன். அவர் சேட்டுப் பையிலிருந்து பேனையை எடுத்து, "இதில என்ன கிடக்கு, வெட்டுவம்," என்று கடைசி நாலு சொல்லையும் வெட்டி, பக்கத்தில் கையெழுத்தும் வைத்தார். ஒரு நிமிடம் பிடிக்கவில்லை.

எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். இவ்வளவு லேசாக வெட்டுகிறவருக்கு வேறு எந்த வரி முக்கியம் என்று அன்று பின்னேரமே நாலாம் முறை வாசிக்கத் தொடங்கினேன்.

தொட்டில் அறையை மட்டும் மனதுக்குள் வைத்திருந்தேன். ஒரு நாள் காலையில் கணவரோடு பரணில் மீன் பிரட்டும்போது வாய் தவறியதுபோல் கேட்டேன்.

"என்ர படத்தை ஆருக்கும் காட்டினனீங்களோ?"

அடுத்த மீனை எடுத்துக்கொண்டே சொன்னார். "ஓம். போனில படம் எடுத்து வைச்சிருக்கிறன். கரையில எல்லாருக்கும் காட்டினனான். என்ர பெஞ்சாதி கீறினது எண்டு."

"எப்ப?"

"நீ கீறின நாளில இருந்து."

"அவருக்குத் திருநாளுக்கு முன்னமோ, பின்னமோ?"

"மீன் வாங்கக் கரைக்கு எத்தினையோ பேர் வருகினம். எல்லாற்ற முகத்தையும் வைச்சிருக்கிறனோ நான்?" கையிலிருந்த மீனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "உனக்கு என்னிலயும் சந்தேகமோ?"

இல்லை என்று சொன்னேன். சொல்வதற்கு முன் ஒரு சின்ன இடைவெளி விழுந்துவிட்டது. அதை அவர் கண்டார்.

அன்றிலிருந்து வீட்டில் சண்டை இல்லை. மகளைத் தூக்குகிறார், தண்ணீர் அள்ளித் தருகிறார், பரணின் கால்களைச் சரிபார்க்கிறார். முன்பெல்லாம் கடலுக்குப் போகுமுன் வேலிப் படலையடியில் நின்று, "இண்டைக்கு எத்தினை கட்டில் நிரப்பலாம், சொல்லு பாப்பம்," என்று கேட்பார். அதை நிறுத்திவிட்டார். ஊரெல்லாம் என் படத்தைக் காட்டிப் பெருமைப்பட்ட மனிதர். நான் யாருக்கும் காட்ட வெட்கப்பட்ட படம் அது.

சில நேரம் எனக்கு என் மேலேயே சந்தேகம் வருகிறது. அந்த மனிதரில் பிழை இல்லாமல், பெரிதாக நடந்துவிடுமோ என்பதுதான் என் பயமோ? கொப்பியில் இருக்கும்வரை அந்தக் கட்டடத்தில் ஒன்றும் உடையாது. கட்டினால் பத்துப் பெண்கள் என்னை நம்பி வருவார்கள். இன்னொரு நேரம் அப்பாவின் பேனை பிடித்த கை ஞாபகம் வருகிறது. மகள் இப்போது கதிரையைப் பிடித்து எழும்பி நிற்கிறாள். அவள் நிற்பதைப் பார்த்து மகிழ்கிற அந்தக் கணத்திலேயே அந்த மற்றப் பிள்ளையின் கால்கள் கண்ணுக்குள் வருகின்றன. நான் கையெழுத்து வைக்காவிட்டால் ஒரு தகப்பனின் நேர்த்தியை உடைத்தவள் ஆவேனா? அல்லது அப்படி நினைக்க வைக்கத்தான் அந்தக் கதையா? இப்படி நினைத்ததற்காக அடுத்த பூசையில் மன்னிப்புக் கேட்டேன். கேட்டுவிட்டு வெளியே வந்து, வாகனத்தின் பின் கண்ணாடியில் பொதி இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது.

அவர்களின் ஒன்பதாவது செவ்வாய் இன்னும் இரண்டு வாரத்தில் வருகிறது. அன்று பூசை முடிய நொத்தாரிசிடம் போவதாக நாள் குறித்திருக்கிறார்கள். உறுதி அலுமாரியில் மகளின் உடுப்புகளுக்கு அடியில் இருக்கிறது, அப்பா சுற்றிய அதே பொலித்தீனில்.

இதை வாசிக்கிறவர்களில் தொழில் தொடங்கியவர்கள் இருப்பீர்கள். முன்பின் தெரியாத ஒருவரோடு சேர்ந்து பெரிதாக்கியவர்களும், நம்பிக் கெட்டவர்களும், நம்பாமல் இருந்து பின்னால் வருந்துகிறவர்களும் இருப்பீர்கள். பதினைந்து வருடத்தை இரண்டு வருடமாக்கச் சொல்லிக் கேட்பதா? காணியில் பாதியை மட்டும் கொடுப்பதா? அல்லது ஐந்து பரணோடு, மன்னார்க் கடைக்காரரின் விலையோடு இருந்துவிடுவதா? நீங்கள் என் இடத்தில் இருந்தால் கையெழுத்துக்கு முன் அவரிடம் என்ன கேட்பீர்கள்? பரணடியில் நான் விட்ட அந்த இடைவெளிக்கு என் கணவரிடம் என்ன சொல்வீர்கள்? தெரிந்தவர்கள் எனக்கு எழுதுங்கள். அந்தச் செவ்வாய்க்கு முன் எழுதினால் பெரிய உதவியாக இருக்கும்.